காது வில்லை முதல் கறிச்சட்டி வரை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தாராவியில் கறிக்கடை வாசலில்தான் ஊர் கூடும். நான் சிறுவனாக இருந்தபோதும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மஞ்சள் பையையும் காசையும் கையில் கொடுத்து அனுப்பும் என் அம்மா ஒரு வாசகத்தைத் தவறாமல் சொல்லி அனுப்புவார்: "வால் இருக்கான்னு பாத்து வாங்குலே. வால் இல்லேன்னா அடுத்த கடைக்குப் போ."

ஏன் வால் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் விளங்கிற்று. உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் மயிரோடு விட்டு வைப்பது நம் பக்கத்துக் கறிக்கடை வழக்கம். வெள்ளாடா செம்மறியா என்பதைப் பழகிய கண் வாலைப் பார்த்தே சொல்லிவிடும். பக்கத்தில் வெட்டிய தலையையும் வைத்திருப்பார்கள். கடைக்காரர் வாய் திறந்து சத்தியம் செய்ய வேண்டியதில்லை. வாலும் தலையும் அவருக்காகச் சாட்சி சொல்லும்.

இந்தச் சாட்சி சொல்லும் வேலையைத்தான் இன்று உலக நாடுகள் 'தடமறிதல்' என்ற பெயரில் ஓர் அறிவியலாகவும் சட்டமாகவும் வளர்த்திருக்கின்றன. விலங்கு எந்தப் பண்ணையில் பிறந்தது, யார் வளர்த்தார், என்ன மருந்து கொடுத்தார், எந்தச் சந்தையில் கைமாறியது, எங்கே எப்போது வெட்டப்பட்டது, எந்தக் கடை வழியாக வந்தது என்பதையெல்லாம், தட்டில் இருக்கும் துண்டிலிருந்து பின்னோக்கி நடந்து சொல்ல முடிந்தால் அதுதான் தடமறிதல். என் அம்மாவின் வால் சோதனை அதன் முதல் பாடம். ஆனால் வால் இனத்தைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது.

மாட்டுங்கா அன்பர்களில் பலர் சைவ உணவுக்காரர்கள். "இது நமக்கில்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாட்டின் காதில் தொங்கும் எண் பாலுக்கும் பொருந்தும். புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய் மாட்டிலிருந்து காய்ச்சாத பால் வழியாக மனிதனுக்கு வரக்கூடியது. எந்த மாட்டுக்கு நோய், எந்த மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று தெரிய வேண்டுமானால் மாட்டுக்கு மாடு அடையாளம் வேண்டும்.

ஊரில் இருந்த அடையாளம்

தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணின் வெள்ளாடுகள் கன்னியும் கொடியும். கறுப்பு உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடும் இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடானால் செங்கன்னி. உயரமாக, வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளித்தாற்போல் இருந்தால் கரும்போரைக் கொடி, சிவப்புத் தெளித்தால் செம்போரை. இந்தப் பெயர்களே ஓர் அடையாளப் பதிவேடுதான்.

நூறு ஆடு மேய்ப்பவர் நூற்றையும் முகம் பார்த்தே சொல்லிவிடுவார். இரண்டு பேர் மந்தை கலந்தால் பிரிப்பதற்காகக் காதில் ஒரு வெட்டு, அல்லது முதுகில் ஒரு சாயக்கோடு. மாட்டுக்குச் சூட்டுக்குறி. ஆநிரை கவர்வதை வெட்சி என்று ஒரு திணையாகவே வகுத்த மொழி நம்முடையது. கவரவும் மீட்கவும் ஆள் இருந்த காலத்தில் எது யாருடைய மாடு என்ற கேள்வி உயிர் போகும் கேள்வி.

ஊர்க் கறியும் அப்படியே. கொடை நாளில் வெட்டிய கிடாய் யார் வீட்டுத் தொழுவத்தில் நின்றது, என்ன தின்றது, ஒரு மாதம் முன்னால் கழிச்சல் கண்டு கிடந்ததா என்பது எல்லாம் தெருவுக்கே தெரியும். எண் தேவைப்படவில்லை. ஆளைத் தெரியும், அதனால் ஆட்டைத் தெரியும். அங்கே தடமறிதல் என்பது மனிதர்களின் ஞாபகத்தில் இருந்தது.

ஞாபகத்தை நம்பாமல் எழுதி வைக்கச் சொன்னவரும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஆநிரைகளுக்கென்று தனி அதிகாரி வருகிறார். மாடுகளின் சூட்டுக்குறி, இயற்கையாக அமைந்த மச்சம், நிறம், கொம்பின் அமைப்பு ஆகியவற்றை அவர் ஏட்டில் பதிய வேண்டும். இறைச்சிக்கூடத்துக்கும் தனி அதிகாரி உண்டு. அவருக்கான விதிதான் நம் கட்டுரைக்கு முக்கியம்: வெளியே வெட்டிய கறி, தலையும் காலும் எலும்பும் இல்லாத கறி, நாற்றம் எடுத்த கறி, தானாகச் செத்ததன் கறி ஆகியவற்றை விற்கக் கூடாது. தலையும் காலும் இல்லாவிட்டால் எது என்று தெரியாது. அதனால் விற்காதே என்கிறது விதி. என் அம்மா கௌடில்யரைப் படித்தவர் அல்லர். ஆனால் இருவர் யோசனையும் ஒன்றுதான்.

தேவனாருக்கு வந்து சேரும் ஆடு

பம்பாயின் பழைய இறைச்சிக்கூடம் பாந்திராவில் இருந்தது. அங்கிருந்து தோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததால்தான் தாராவி தோல் பதனிடும் இடமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் பலர் நம் முன்னோர். ஆக, தாராவித் தமிழரின் கதை ஓர் இறைச்சிக்கூடத்தின் பக்கத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாறியது. செம்பூரில் குடியிருக்கும் நமக்கு அது கோவண்டிப் பக்கம், கூப்பிடு தூரம். 64 ஏக்கரில், மாநகராட்சி நடத்தும் இடம். அங்கு வந்து இறங்கும் ஆடுகள் நம் கன்னியும் கொடியும் அல்ல. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் உள்மாவட்டங்கள் என்று பல திசையிலிருந்தும் வருகின்றன. சிரோஹி, ஜமுனாபாரி, உஸ்மானாபாதி என்பவை அவற்றில் நாம் கேள்விப்படும் சில பெயர்கள். பக்ரீத் சமயத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் அந்த மைதானத்தில் நிற்கும்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த வெள்ளாடுகள் 14.88 கோடி. அதில் ராஜஸ்தானில் மட்டும் 2 கோடிக்கு மேல். அவற்றை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து, பத்து ஆடு வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்கள். கல்யாணம், வைத்தியச் செலவு, பள்ளிக்கூடச் செலவு என்று பணம் தேவைப்படும்போது ஓர் ஆட்டை விற்பார்கள். ஊருக்கு வரும் வியாபாரி வாங்குவார். அவர் வாரச் சந்தையில் இன்னொருவருக்கு விற்பார். அங்கே பல ஊர் ஆடுகள் ஒரே லாரியில் ஏறும். தேவனாரில் தரகர் கை மாறும். கடைக்காரர் வாங்கி வெட்டக் கொடுப்பார். இப்படி நாலைந்து கை மாறி வந்த ஆட்டைப் பற்றிக் கடைசிக் கைக்குத் தெரிந்தது விலை மட்டும்தான்.

காகிதமே இல்லையா என்றால் உண்டு. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி லாரியில் ஏற்றும்போது கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஆனால் அந்தச் சான்று ஆட்டுக்கூட்டத்துக்குத்தான் போகிறது, ஆட்டுக்கு ஆடு தனித்தனியாக அல்ல. வழியில் இரண்டு லாரி ஆடு கலந்தால் சான்று அதோடு அர்த்தம் இழந்துவிடும். ஊரில் சாயக்கோடு போட்டு ஏன் பிரித்தார்கள் என்பது இப்போது விளங்கும்.

கொக்கியில் அறுந்துபோகும் இழை

இனி இறைச்சிக்கூடத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். வெட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவர் உயிரோடு இருக்கும் ஆட்டைப் பார்க்கிறார். காய்ச்சல், மூச்சிரைப்பு, நொண்டல், கழிச்சல் ஏதும் உண்டா? வெட்டிய பின் உறுப்புகளைப் பார்க்கிறார். ஈரலில் தட்டைப்புழு உண்டா, நுரையீரலில் நீர்க்கட்டி உண்டா? சரியென்றால் முத்திரை. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேல், நாளைக்கு 96 விலங்குக்கு மேல் பார்க்கக் கூடாது என்கின்றன. அதாவது ஆயிரம் ஆடு வெட்டும் நாளில் 11 மருத்துவர் வேண்டும். விதி எழுதியவர் எவ்வளவு நிதானமாகப் பார்க்கச் சொன்னார் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

சரி, ஆட்டின் காதில் எண் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். வெட்டியதும் முதலில் போவது எது? தலை. தலையோடு காதும், காதோடு எண்ணும் போய்விடும்! தடமறிதலில் உள்ள பெரிய சிக்கல் இதுதான்.

ஓர் ஆடு வெட்டப்பட்டதும் ஒரு பொருளாக இருப்பதில்லை. உடம்பு கறிக்கடைக்குப் போகிறது. தலை ஒருவருக்கு, கால்கள் பாயாக் கடைக்கு, குடல் இன்னொருவருக்கு, தோல் தோல் வியாபாரிக்கு. ஐந்து பொருள், ஐந்து வியாபாரி, ஐந்து வண்டி. அடையாளம் தொடர வேண்டுமானால் அந்த எண்ணை ஐந்திலும் திரும்ப எழுத வேண்டும். கொக்கியில் தொங்கும் உடம்பிலும் அதே எண்ணுள்ள சீட்டு, தனியே எடுத்த ஈரலிலும் அதே எண். பெரிய ஏற்றுமதி ஆலைகளில் இதற்கென்று கொக்கிக்குக் கொக்கி எண்ணும், சீட்டு அடிக்கும் இயந்திரமும், எழுத ஆளும் உண்டு. விடியற்காலையில் நூற்றுக்கணக்கில் வெட்டி ஏழு மணிக்குள் கடைக்கு அனுப்ப வேண்டிய ஊர்க் கூடத்தில் இது லேசான காரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடம் என்பது ஒருவழிப் பாதை இல்லை. ஈரலில் புழு கண்டால் அந்த ஈரல் கழிக்கப்படும், நல்லது. ஆனால் அந்தச் செய்தி ஆட்டை வளர்த்தவருக்குப் போவதில்லை. "உன் மந்தையில் புழு இருக்கிறது, குளத்துத் தண்ணியைப் பாரு, மருந்து குடு" என்று யாராவது ஒரு போன் செய்தால் அவருடைய மிச்ச ஆடுகள் பிழைக்கும். மருத்துவருக்குத் தெரியும், ஆனால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. எண் இல்லாததால் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல, எங்கோ ஒரு குடிசையில் ஐந்து ஆடு வைத்திருப்பவருக்கும்தான்.

எழும்பூரில் நடந்தது

2018 நவம்பர் மாதம் ஒரு நாள் சென்னையிலிருந்து என் அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, எக்மோர்ல நாய்க்கறி புடிச்சிருக்காங்களாம். டி.வி.ல ஓடிக்கிட்டே இருக்கு. இனிமே வெளியில பிரியாணியே கிடையாது." நான், "யாருடா பரிசோதனை பண்ணினது?" என்றேன். "அதெல்லாம் தெரியல. வால் நீளமா இருக்காம்" என்றான்.

நடந்தது இது. நவம்பர் 17ஆம் தேதி ஜோத்பூரிலிருந்து வந்த மன்னார்குடி எக்ஸ்பிரஸில் எழும்பூர் நிலையத்துக்குப் பெட்டிகளில் வந்த கறியை ரயில்வே பாதுகாப்புப் படையினரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் கைப்பற்றினார்கள். உரித்த, தலையில்லாத உடல்கள். வால் நீளமாக இருந்ததே சந்தேகத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அன்று மாலைக்குள் நாய்க்கறி என்ற செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. சென்னையில் மட்டன் பிரியாணி வியாபாரம் படுத்தது. சில நாள் கழித்து சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது: அது ஆட்டுக்கறி.

என் அம்மா நம்பிய அதே வால் இந்தத் தடவை பொய்ச்சாட்சி சொல்லிவிட்டது பாருங்கள். காரணம் எளிது. வால் சோதனை நம் ஊர் ஆட்டைத் தெரிந்த கண்ணுக்கானது. ராஜஸ்தான் ஆட்டின் வாலை அந்தக் கண் பார்த்ததில்லை. தூரத்து ஊர்க் கறி வரத் தொடங்கிய பின், பக்கத்து ஊர்ச் சாட்சி செல்லாது.

பரிசோதனை எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உண்டு. அவற்றுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. ஓர் உயிரணுவில் அது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருப்பதால், வேக வைத்த கறியில்கூடக் கொஞ்சம் மிஞ்சும். அதில் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்த்தால் ஆடா, செம்மறியா, மாடா, எருமையா, நாயா என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் இறைச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. ஆனால் சோதனைக்கு நாள் பிடிக்கும், வதந்திக்கு நிமிஷம் போதும். அந்த இடைவெளியில் நஷ்டப்படுபவர் கறிக்கடைக்காரரும் பிரியாணிக் கடையில் மேசை துடைக்கும் பையனும்.

வதந்தி எல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அதே 2018 ஏப்ரலில் கொல்கத்தா அருகே பஜ்பஜ் குப்பைமேட்டில் போடப்பட்ட செத்த விலங்குகளின் கறியை எடுத்து விற்ற கூட்டம் பிடிபட்டது. அது உண்மை. ஆக, மோசடியும் வதந்தியும் குடியிருப்பது ஒரே வீட்டில். இது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீடு அது. பதில் இருந்தால் இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

உலகம் பட்ட பாடு, கற்ற பாடம்

பிரிட்டனில் 1986இல் மாடுகளுக்கு மூளை கெடும் நோய் கண்டறியப்பட்டது. பைத்தியக்கார மாட்டு நோய் என்று நம் பத்திரிகைகளிலும் அடிபட்ட பெயர். அது கறி வழியாக மனிதருக்கும் வந்திருக்கலாம் என்று அந்நாட்டு அரசு 1996 மார்ச் 20 அன்று அறிவித்தது. எந்த மாடு எந்தத் தீவனம் தின்றது, எந்தக் கறி எந்த மாட்டினது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாததால் நல்ல மாடும் சேர்ந்து வெட்டப்பட்டது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அழித்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு காதிலும் வில்லையும், நம்முடையதைப் போலவே ஒரு பாஸ்போர்ட்டும் வந்தன. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மாட்டுக்கறிப் பொட்டலத்தில் மாடு பிறந்த, வளர்ந்த, வெட்டப்பட்ட நாடுகளை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது.

ஜப்பானில் அதே நோய் 2001இல் தலைகாட்டியது. 2003இல் சட்டம் வந்தது. அங்கே மாட்டுக்கு 10 இலக்க எண். அது காதோடு நிற்காமல் கடைப் பொட்டலம் வரை வருகிறது. வீட்டில் இருந்தபடியே அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் மாடு பிறந்த தேதி, ஆணா பெண்ணா, என்ன இனம், எந்த மாவட்டங்களில் வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது எல்லாம் தெரியும்.

இவ்வளவும் இருந்தும் ஐரோப்பா 2013 ஜனவரியில் மறுபடி ஏமாந்தது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்புத் துறை 27 மாட்டுக்கறி பர்கர்களைச் சோதித்ததில் 10இல் குதிரையின் டி.என்.ஏ. இருந்தது. ஒன்றில் 29 சதவீதம் குதிரை! மாட்டுக்கு வில்லை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கொத்துக்கறி பல நாட்டு வியாபாரிகள் கை மாறி, கட்டிகளாக உறைந்து வந்த நடுவழியில் காகிதம் வேறு, கறி வேறு ஆகிவிட்டது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நம் நாட்டில் 12 இலக்கம்

இங்கேயும் காது வில்லை வந்துவிட்டது. மஞ்சள் நிற வில்லை, அதில் 12 இலக்க எண். ஆதார் அட்டையைப் போலவே 12 என்பதால் மக்கள் இதைப் 'பசு ஆதார்' என்கிறார்கள். 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கோமாரி நோய்க்கும் புருசெல்லோசிஸுக்கும் தடுப்பூசி போடுவதும், போட்ட விலங்குக்கு எண் கொடுத்துப் பதிவதும் அதன் வேலை. முதலில் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் கம்ப்யூட்டர் பதிவேட்டில் இந்த விவரங்கள் சேர்ந்தன. இப்போது 'பாரத் பசுதன்' என்ற பொதுத் தளத்தில் சேர்கின்றன. இதுவரை 30 கோடிக்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு எண் கொடுத்தாயிற்று. மகாராஷ்டிர அரசு 2024 ஜூன் 1 முதல் வில்லை இல்லாத கால்நடைகளைச் சந்தையில் வாங்கவும் விற்கவும் கூடாது என்றும் உத்தரவு போட்டது.

இது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் இந்த எண் பிறந்தது தடுப்பூசிக்காக. மாட்டையும் எருமையையும் மனத்தில் வைத்தே பெரும்பாலும் நடக்கிறது. பல வருஷம் பால் கறக்கும் மாட்டுக்கு வில்லை குத்துவதில் லாபம் தெரியும். ஒரு வருஷத்தில் விற்றுவிடப் போகும் கிடாய்க்கு எதற்கு என்று ஆட்டுக்காரர் நினைப்பதில் தப்பில்லை. அப்படியே குத்தினாலும், மேலே சொன்னபடி, அந்த எண் இறைச்சிக்கூடத்தில் தலையோடு நின்றுவிடுகிறது.

நம்மால் முடியாததா இது? நாசிக் திராட்சையைப் பாருங்கள். 2003இல் ஐரோப்பாவுக்குப் போன நம் திராட்சை பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று மறுக்கப்பட்டது. 2006இல் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபேடா 'கிரேப்நெட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் பதிவு, பரிசோதனைச் சாலை அறிக்கை, பெட்டிக்குப் பெட்டி எண். லண்டன் கடையில் உள்ள பெட்டியிலிருந்து நாசிக் தோட்டம் வரை போகலாம். அதே மகாராஷ்டிரத்தில், தாராவியில் விற்கும் ஆட்டுக்கறிக்கு அது இல்லை. அறிவு குறைவால் அல்ல, கேட்க ஆள் இல்லாததால். ஐரோப்பியர் கேட்டார்கள், கொடுத்தோம். நாம் கேட்கவில்லை.

யாருக்காக இந்த எண்?

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் மாநிலத்தில் "இந்தக் கறி எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி சாப்பிடுபவரின் நலனுக்காக மட்டும் கேட்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் மகாராஷ்டிர விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, பசுவோடு காளையும் எருதும் வெட்டக் கூடாது என்று ஆனது. வெளிமாநிலத்தில் வெட்டிய அத்தகைய கறியை வைத்திருப்பதும் குற்றம், குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வைத்திருப்பவருடையது என்றது திருத்தம். 2016 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் வெட்டுவதற்கான தடையை ஏற்றுக்கொண்டது. ஆனால் வைத்திருப்பதையே குற்றமாக்கிய பகுதியையும், நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்த பகுதியையும் செல்லாது என்றது.

சட்டத்தின் மறுபாதியைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. எனக்குப் படுவது ஒன்றுதான். தடம் சொல்லும் பொறுப்பைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான கடைக்காரர் மேலும் சாப்பிடுபவர் மேலும் மட்டும் சுமத்தினால் அது தடமறிதல் ஆகாது, தண்டனை ஆகும். நாலைந்து கை தாண்டி வந்த ஆட்டின் ஜாதகத்தைத் தாராவிக் கடைக்காரர் எப்படிச் சொல்வார்? சங்கிலி முழுவதற்கும் அரசும் மாநகராட்சியும் பொறுப்பேற்றால்தான் எண் அவருக்குக் கவசமாகும். எழும்பூரில் வந்த பெட்டியில் எந்த மருத்துவர் பார்த்தார், எங்கே வெட்டியது என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் அன்று சாயங்காலமே விஷயம் முடிந்திருக்கும். எண் வியாபாரிக்கு எதிரி இல்லை.

நடக்கக்கூடிய வழி

ஆட்டுக்கு ஆடு ஜப்பான் மாதிரி செய்ய முடியுமா என்றால், இப்போதைக்கு முடியாது என்பதே நேர்மையான பதில். ஆட்டின் விலையும் வியாபாரத்தின் அவசரமும் அதற்கு இடம் தராது. ஆனால் நடுவழி ஒன்று உண்டு. ஐரோப்பாவிலேயே ஒரு வயதுக்குள் வெட்டப்படும் செம்மறிக்குட்டிக்குத் தனி எண் கட்டாயமில்லை, பண்ணையின் எண் பொறித்த ஒரு வில்லை போதும் என்று விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். நாமும் மந்தைக்கு ஓர் எண் என்று தொடங்கலாம். ஒரே சந்தையில் வாங்கிய ஆடுகளுக்கு ஒரே எண். லாரியில் கலக்காமல் கொண்டுவந்து, தேவனாரில் தனித் தொட்டியில் நிறுத்தி, ஒன்றாக வெட்டி, முத்திரையோடு அந்த எண்ணையும் தொடையில் குத்தி அனுப்பினால், பாதிக் கிணறு தாண்டின மாதிரி என்று யாரும் சிரிக்கலாம். கிணறு வேறு, இது வேறு. இங்கே பாதி வழி தெரிந்தாலும் லாபம்தான். நோய் வந்தால் எந்தச் சந்தை என்று தெரியும், அந்தச் சந்தைக்கு மருந்தோடு ஆள் போகலாம்.

நம் அளவில் செய்யக்கூடியதும் உண்டு. கறி வாங்கும்போது மாநகராட்சி முத்திரை குத்திய பகுதியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கடைச் சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தொங்குகிறதா என்று ஒரு கண் போடுங்கள். பழக்கமான கடைக்காரரிடம், "பாய், இன்னிக்கு ஆடு எந்த ஊரு?" என்று கேளுங்கள். முதல் வாரம் சிரிப்பார். நாலாவது வாரம் தரகரிடம் அவரே கேட்டு வைத்திருப்பார். போனில் கறி வதந்தி வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடுமுன் பரிசோதனை முடிவு வந்ததா என்று பாருங்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் சரக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அவர்களுக்கு, தேவனாரில் ஒரு மந்தை எண் பதிவேடு எழுதுவது பெரிய வேலையாக இருக்காது.

போன மாதம் தாராவிக்குப் போயிருந்தேன். பழைய கடை இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடை, பொட்டலம் கட்டிய கறி. என் பேத்தி கூட வந்தாள். "இதுல வால் எங்க தாத்தா?" என்றாள், என் கதையைக் கேட்டுக் கேட்டு. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எடை இருந்தது, விலை இருந்தது, தேதி இருந்தது. ஊர் இல்லை. வால் இருந்த இடத்தில் இனி ஓர் எண் வர வேண்டும். அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.